பொட்டு வைத்தால் போதுமா?

சென்ற ஆயுத பூஜையன்று கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே பௌதிகம் சொல்லிக் கொடுக்கும் நண்பர் அழைத்திருந்தார். ஆய்வுக்கூடத்து நீள மேஜையின் மேல் தராசுகள், பூதக்கண்ணாடிகள், மின்சார மீட்டர்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூச்சூட்டியிருந்தார்கள். நடுநாயகமாக நின்றது ஒரு தொலைநோக்கி. அதைத் தாங்கிய முக்காலியின் உச்சியில், பிள்ளையார் கை முழங்கை போல மடங்கிய கனத்த யந்திரம் ஒன்று. அதற்கும் மூன்று பொட்டு வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் தையல் மிஷினுக்குக்கூட மாதம் ஒரு முறை எண்ணெய் விடுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன்: “இதைக் கடைசியாக எப்போது பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டீர்கள்?”

தலைமையாசிரியர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “எண்ணெயா? இது என்ன சார், சைக்கிளா?” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அந்தத் தலைமையாசிரியர் நல்ல மனிதர். பிள்ளைகளிடம் பிரியம் உள்ளவர். என் வழக்கு அவர் மீது அல்ல. அவர் வாய் வழியாகப் பேசிய ஒரு பழக்கத்தின் மீது. அந்தப் பழக்கம் படித்தவர்களாகிய நம் எல்லோர் வீட்டிலும் குடியிருக்கிறது, என் வீட்டிலும்தான்.

முதலில் அந்த யந்திரம் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது. நட்சத்திரங்களைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிஷம் 4 விநாடி. அதனால் வானம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. நகர்வு எவ்வளவு என்றால், ஒரே நிமிஷத்தில் முழுநிலாவின் அகலத்தில் பாதி. அண்ணாந்து பார்க்கிற கண்ணுக்கு இது தெரிவதில்லை. காமிராவுக்குத் தெரியும். மங்கலான ஒளிமுகிலைப் படம் எடுக்க வேண்டுமானால் காமிராவின் கண்ணை நிமிஷக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நட்சத்திரம் நகர்ந்துவிடும். புள்ளியாக விழ வேண்டியது கோடாக விழும்.

பூமி ஒரு பக்கம் திரும்பினால் காமிராவை அதே வேகத்தில் மறுபக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுதான் அந்த யந்திரத்தின் ஆயுட்காலக் கடமை. அதன் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கிறார்கள். உள்ளே ஒரு பல்சக்கரம். அதன் பற்களைத் தொட்டுக்கொண்டு திருகு மரை போட்ட ஒரு தண்டு. பட்டறையில் இதை ‘வார்ம்’ என்பார்கள். மோட்டார் தண்டைச் சுழற்றுகிறது; தண்டு சக்கரத்தைத் தள்ளுகிறது. சக்கரத்தில் 144 பல் இருந்தால் தண்டு ஒரு சுற்றுச் சுற்றப் பத்து நிமிஷத்துக்குச் சற்றே குறைவு. அதற்குள் சக்கரம் நகர்வது ஒரே ஒரு பல். கடிகாரத்தில் மணி காட்டும் சின்ன முள் இருக்கிறதே, அதன் வேகத்தில் பாதி!

இத்தனை மெதுவாகச் சுழல்வதுதான் கடினம். வேகமாகச் சுழலும் மின்விசிறியில் தூசி படிந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே அப்படியல்ல. ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள சக்கரத்தின் பல்லிடுக்கில், தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள் சிக்கினால் போதும். தொலைநோக்கியில் வியாழன் எவ்வளவு அகலமாகத் தெரியுமோ அவ்வளவு தூரம் நட்சத்திரம் இடம் பெயர்ந்துவிடும். படம் போயிற்று.

அந்த இடுக்குகளில் துகளைத் தடுத்து, உலோகத்தை உலோகம் அராமல் காப்பது கிரீஸ். கிரீஸ் என்பது ஒன்றும் மாயமல்ல. பஞ்சில் தண்ணீர் நிற்பது போலச் சோப்பில் எண்ணெய் நிற்கிறது, அதுதான் கிரீஸ். சக்கரம் அழுத்தும்போது சோப்பு எண்ணெயை விட்டுக்கொடுக்கிறது. வருஷங்கள் ஓடினால், அதுவும் நாற்பது டிகிரியைத் தொடும் சித்திரை வெயிலில் தகரக்கூரைக்கு அடியில் பூட்டிய அலமாரியில் கிடந்தால், எண்ணெய் கசிந்து போய்ச் சோப்பு மட்டும் இறுகி நிற்கும். அதற்குப் பிறகு அது வழுக்கும் பொருளல்ல, ஒட்டும் பொருள்.

தை மாதத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன்.

நண்பர் எப்படியோ அனுமதி வாங்கி அந்தத் தொலைநோக்கியைக் கல்வராயன் மலைக்குக் கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலையேறி வெள்ளிமலைப் பக்கம் ஒரு மேட்டில் போய் நின்றோம். அமாவாசையை ஒட்டிய இரவு. கிழக்கே கீழ்வானத்தில் கள்ளக்குறிச்சியின் வெளிச்சம் ஒரு மங்கலாகத் தெரிந்தது. மற்ற மூன்று திசையிலும் இருட்டு. பட்டணத்து இருட்டல்ல, நட்சத்திரங்களைக் கையால் ஒதுக்கிக்கொண்டு நடக்க வேண்டும் போலிருந்த இருட்டு. மலைக் கிராமத்துப் பிள்ளைகள் இருபது பேர் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

யந்திரத்தின் அச்சை வட துருவத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். கல்வராயனில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து 12 பாகை உயரத்துக்குள்தான் நிற்கிறது. வடக்கே ஒரு குன்று இருந்தால் மறைந்தே போகும். ஆனால் இந்த யந்திரங்கள் அது 40, 50 பாகை உயரத்தில் நிற்கிற நாடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. பன்னிரண்டுக்கு இறக்கியபோது எதிர் எடை மாட்டும் தண்டு முக்காலியின் காலில் இடித்தது. நண்பர் முக்காலியைத் திருப்பி வைத்து, ஒரு காலுக்குக் கீழே கல்லைக் கொடுத்துச் சமாளித்தார். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிள்ளைகள் எழுந்து போகவில்லை.

திருவாதிரைக்குப் பக்கத்தில் வேட்டைக்காரனின் இடைவாரும், அதற்குக் கீழே புகைபோல ஓர் ஒளிமுகிலும் இருக்கின்றன. அதைக் குறிவைத்து இரண்டு நிமிஷம் படம் எடுத்தார். படம் திரையில் வந்தது. ஒளிமுகில் வந்தது, ஆனால் அதைச் சுற்றிய நட்சத்திரம் ஒவ்வொன்றும் புழுவாக நெளிந்திருந்தது. இன்னொரு படம், இன்னும் மோசம். மூன்றாவது படத்தில் யந்திரத்துக்குள் ‘கர்’ரென்று ஒரு முனகல். அதோடு அது நின்றே போயிற்று.

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள்: “நட்சத்திரம் ஏன் சார் நெளிஞ்சு இருக்கு?”

“நட்சத்திரம் நெளியலை பாப்பா. மிஷின் சரியில்லை.”

“அப்போ பிரிச்சுப் பாக்கலாமே சார்?”

நண்பர் பதில் சொல்லவில்லை. கையில் திருகாணிச் சாவி இருந்தது. ஆனால் அதைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. பிள்ளைகள் போர்வையை இழுத்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

மறுவாரம் அந்தத் தொலைநோக்கி அலமாரிக்குத் திரும்பியது. இருப்புப் பதிவேட்டில் ‘பழுது, உபயோகமற்றது’ என்று எழுதக் காத்திருந்தார்கள். அந்தப் பதிவேட்டை நான் வாங்கிப் பார்த்தேன். பொருளின் பெயருக்கு ஒரு கட்டம், வாங்கிய தேதிக்கு ஒரு கட்டம், விலைக்கு ஒன்று, இருப்பு எத்தனை என்பதற்கு ஒன்று, கழித்த தேதிக்கு ஒன்று. ஒரு கருவி பிறந்ததும் செத்ததும் அதில் இருக்கிறது. நடுவே அது உயிரோடு இருந்ததற்கு மட்டும் கட்டம் இல்லை. யார் துடைத்தார்கள், எப்போது எண்ணெய் போட்டார்கள், எது தேய்ந்தது, எதை மாற்றினார்கள் என்று எழுத இடமே இல்லை.

தலைமையாசிரியரின் பயத்தை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். கருவியைப் பிரித்து ஒரு திருகாணி காணாமல் போனால், தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார், சம்பளத்தில் பிடிப்பார்கள், ஓய்வூதியம் நிற்கும். பிரிக்காமல் பூட்டி வைத்து அது துருப்பிடித்துச் செத்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இயற்கை மரணத்துக்கு வழக்கு உண்டா? ஆகவே புத்தியுள்ள மனிதர் பூட்டித்தான் வைப்பார். இந்தக் கணக்கு அவர் போட்டதல்ல. நாம் போட்டுக் கொடுத்த கணக்கு.

நண்பர் ஒரு காரியம் செய்தார். “இதைப் பிரித்துச் சுத்தம் செய்ய அனுமதி வேண்டும், சேதம் ஏற்பட்டால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் சொல்லாமல்தான். அனுமதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைவீதியில் பம்ப் மோட்டார் ரிப்பேர் செய்யும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் நாலு பேரும் வந்திருந்தார்கள்.

மெக்கானிக் யந்திரத்தைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்துத் திருப்பினார். “கெட்டுப் போகலைங்க சார். காஞ்சு போச்சு, அவ்வளவுதான்” என்றார்.

பிறகு நடந்ததை விவரமாகவே சொல்லுகிறேன்; பயப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. மேஜையில் பழைய வெள்ளை வேஷ்டியை விரித்தார்கள், சிறு குண்டு உருண்டாலும் தெரியும்படி. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் ஒரு பையன் செல்போனில் படம் எடுத்தான். எந்தப் பாகம் எந்தப் பாகத்தோடு எங்கே சேர்ந்திருந்தது என்று பென்சிலால் கோடு போட்டார்கள். திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் தனித்தனி மூடிகளில் போட்டு எண் எழுதினார்கள். மோட்டாரும் மின்சுற்றும் முதலில் தனியே எடுத்து வைக்கப்பட்டன. அவற்றின் அருகே மண்ணெண்ணெய் போகக் கூடாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களும் அப்படியே.

வார்ம் வெளியே வந்தது. அதன் மரைகளில் கிரீஸ் என்று இருந்ததைப் பார்த்தபோது கள்ளக்குறிச்சிப் பக்கத்து வெல்ல ஆலைக் கொப்பரையின் ஓரத்தில் ஆறிப்போன பாகுதான் நினைவுக்கு வந்தது. அதே நிறம், அதே பிசுக்கு. நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. அதற்குள்ளே மின்னும் பொடி: தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்து, துடைக்கப்படாமலே பூசி மூடப்பட்ட உலோகத் துகள். அந்தத் துகள்தான் நட்சத்திரங்களை நெளிய வைத்தது.

பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு பல்லிடுக்காகத் தேய்த்தார்கள். நூற்று நாற்பத்து நாலு இடுக்கு. துணி கறுப்பாக வராத வரைக்கும் தேய்த்தார்கள். மண்ணெண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட்டில் துடைத்து நிழலில் உலர்த்தினார்கள். பேரிங்குகளைக் கழுவி விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார்கள். பிறகு புதுக் கிரீஸ். ஒரு பையன் தாராளமாக ஒரு உருண்டை எடுத்தான். மெக்கானிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தொட்டுத் தேய்க்கிற மாதிரி. அவ்வளவு போதும். அதிகமா வச்சா தூசியைக் கூப்பிட்டு உக்கார வைக்கும்” என்றார். பழைய கிரீஸின் மேலேயே புதுசைப் பூசுவதும் கூடாது என்றார். ஒன்றுக்கொன்று ஒத்துவராத ஜாதிகள் கலந்தால் இரண்டும் கெட்டு ஒழுகிவிடுமாம்.

கடைசியாக வார்மைச் சக்கரத்தோடு சேர்ப்பது. இதில்தான் நேரம் போயிற்று. இறுக்கினால் சிக்கிக்கொள்ளும், தளர்த்தினால் ஆட்டம் கொடுக்கும். எந்தச் சக்கரமும் முழு வட்டமாக இருப்பதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அந்த இடத்துக்குத் தகுந்தாற்போல இடைவெளி வைக்க வேண்டும். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே அதைச் செய்தார். எம்.எஸ்ஸி. படித்த என் நண்பர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என் சட்டை வெள்ளைச் சட்டை. அதில் கறை படாமல் இரண்டடி தள்ளியே நின்றேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

மொத்தச் செலவு மெக்கானிக்கின் கூலி நீங்கலாக முந்நூறு ரூபாய்க்குள். நேரம், காலை ஒன்பதிலிருந்து விளக்கு வைக்கிற வரை. மிச்சம் விழுந்த திருகாணி ஒன்றுகூட இல்லை.

“இது என்ன சைக்கிளா?” என்று கேட்டார்கள். ஆமாம் ஐயா, சைக்கிள்தான். சைக்கிளில் என்ன உண்டோ அதுதான் இதிலும் உண்டு: அச்சு, குண்டு, பல்சக்கரம், மசகு. சைக்கிள் என்று சொன்னால் அவமானம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் நோய்.

நம் தாத்தாக்களின் மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகு செய்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். வழியில் அச்சு முனகினால் வண்டியை நிறுத்தி, சக்கரத்தை விலக்கி, பழசைத் துடைத்துப் புதுசைப் போட்டுக்கொண்டுதான் புறப்படுவார்கள். அந்த வண்டிக்காரருக்குப் பட்டம் இல்லை. ஆனால் முனகும் அச்சுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடும் அளவுக்கு அவர் அறிவாளியாகவும் இல்லை.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரைவைப் பருவம் முடிந்ததும் சர்க்கரை ஆலை சும்மா தூங்குவதில்லை. உருளைகளைத் தூக்கி, பேரிங்குகளைத் திறந்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, புது மசகு போட்டுத்தான் அடுத்த பருவத்துக்கு நெருப்பு மூட்டுவார்கள். கரும்புக்கு இவ்வளவு மரியாதை. இந்த ஊர் மரச்சிற்பிகளுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழுங்கிய உளியோடு மரத்தைத் தொடும் சிற்பி உண்டா? ஆலைக்குத் தெரிகிறது, பட்டறைக்குத் தெரிகிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தெரியவில்லை.

ஆயுத பூஜையைக் குறை சொல்லுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பூஜையை அறிந்தவர்கள் பட்டறைக்காரர்கள். முதல் நாளே கடைசல் இயந்திரத்தைத் துடைப்பார்கள், சீவல்களைக் கூட்டிப் பெருக்குவார்கள், எண்ணெய் விடுவார்கள், பிறகுதான் குளித்துவிட்டு வந்து சந்தனம் வைப்பார்கள். பொட்டு, வேலை முடிந்ததற்கு அடையாளம். ஆபீஸ்களும் பள்ளிக்கூடங்களும் அந்தப் பண்டிகையைக் கடன் வாங்கியபோது வேலையை அங்கேயே விட்டுவிட்டுப் பொட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டன.

“இதெல்லாம் சின்ன விஷயம், விஞ்ஞானம் பெரிய விஷயம்” என்று சொல்லுகிறவர்களைக் கொடைக்கானலுக்கு அழைக்கிறேன். அங்கே 1904இலிருந்து சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகள் எப்படிப் பெருகுகின்றன, எப்படிக் குறைகின்றன என்று ஆராய்கிறவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்தப் படவரிசை ஒரு பொக்கிஷம். அதற்கு உழைத்த தொலைநோக்கிகளில் ஒன்று 1850இல் சென்னை வானாய்வகத்துக்காக வாங்கியது. 1898இல் கிரப் கம்பெனி அதைத் திருத்தி அமைத்துக் கொடுத்தது. சூரியன் நகர நகரக் கூடவே திரும்பும் கண்ணாடிகள் அங்கே உண்டு. அவை இத்தனை காலம் தாமாகத் திரும்பினவா? துடைத்தவர்கள் இருந்தார்கள். எண்ணெய் போட்டவர்கள் இருந்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர்கள் பெயர் இருக்காது. ஆனால் படத்தில் சூரியன் வட்டமாக இருக்கிறது.

கல்வராயனுக்கு வடக்கே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1968இல் வேணு பாப்பு அங்கே வானத்தைப் பார்க்கத் தொடங்கியது, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு. செய்யத் தெரிந்தவர்களுக்குப் பிரிக்கப் பயம் இருக்குமா? 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னே கடந்து போகும் வேளை. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் மறைக்க வேண்டிய நேரம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் சில விநாடி மங்கி மீண்டது. ஏதோ ஒரு துணைக்கோளாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அமெரிக்கர்கள் விமானத்தில் ஏற்றிய தொலைநோக்கியால் அதே மங்கல்களைப் பார்த்திருந்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். அந்தச் சில விநாடிகளில் காவலூரின் சக்கரம் ஒட்டிக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கியிருந்தால்? வளையம் யுரேனஸைச் சுற்றி இருந்திருக்கும்; நம் கணக்கில் இருந்திராது. 1986இல் அதே மலையில் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே செய்யப்பட்டது. இதையெல்லாம் செய்த நாட்டில்தான், ஒரு பள்ளிக்கூடத்துப் பல்சக்கரத்தைத் துடைக்க ஓர் ஆசிரியர் தம் சம்பளத்தை அடகு வைக்க வேண்டியிருக்கிறது.

எதிர்க்கட்சி வாதங்கள் சில உண்டு. “இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நட்சத்திரம் விலகினால் ஒரு சின்னக் காமிரா கண்டுபிடித்துத் திருத்திவிடும்” என்கிறார் ஒருவர். உண்மைதான். கட்டளை போடக் கம்ப்யூட்டர் உண்டு. கட்டளையைக் கேட்பதற்குச் சக்கரம் சுழல வேண்டாமா? இறுகிய கிரீஸில் ஒட்டிய சக்கரம் முதலில் அசையாது. பிறகு திடீரென்று எகிறும். திருத்தப் போன கம்ப்யூட்டர் அந்த எகிறலைத் துரத்திக்கொண்டு இங்கும் அங்கும் ஓடும். காய்ந்த அச்சுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை.

“தெரியாதவன் பிரித்தால் கெட்டுப் போகாதா?” என்கிறார் இன்னொருவர். கெட்டுப் போகும். எல்லாவற்றையும் எல்லோரும் பிரித்துப் போடட்டும் என்று நான் சொல்லவில்லை. தொலைநோக்கியின் கண்ணாடியைத் தெரியாதவர்கள் தொடவே கூடாது. ஒரு தடவை முரட்டுத் துணியால் துடைத்தால் பூச்சு கீறிப் போகும், மீளாது. செய்த கம்பெனிக்கே அனுப்ப வேண்டிய நுட்பமான யந்திரங்களும் உண்டு. ஆனால் ‘தெரியாதவன்’ என்பது பிறவிக் குணமா? தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை பிரித்தால் தெரிந்தவனாகிவிடுகிறான். தெரிந்துகொள்வதற்காகத்தானே அந்தக் கட்டடத்துக்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்திருக்கிறோம்?

மூன்றாவது வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாவற்றையும்விடப் பலமானது அதுதான். கையில் கறை படுகிற வேலை படித்தவனுக்கு உரியதல்ல என்ற வாதம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே அவன் கையில் கிரீஸ் படாமல் இருப்பதற்குத்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நட்சத்திரத்தைப் பார்ப்பது விஞ்ஞானம். பார்க்க வைக்கிற சக்கரத்தைத் துடைப்பது கூலி வேலை. தேருக்கு அச்சாணி என்று வள்ளுவர் சொன்னதை மேடையில் எடுத்துப் பேசாதவர் இல்லை. பேச்சு முடிந்து இறங்கியதும் அச்சாணியைத் தொட்டவனுக்குத் திண்ணையில் காபி. தேரில் ஏறியவனுக்குக் கூடத்தில் நாற்காலி. என் வெள்ளைச் சட்டை இரண்டடி தள்ளி நின்றதும் இந்த வாதத்தினால்தான்.

இதனால் நஷ்டம் யந்திரத்துக்கு மட்டுமல்ல. குழாய் வழியாகப் பார்க்க மட்டும் சொல்லிக் கொடுத்து, குழாய்க்குள்ளே பார்க்காதே என்று தடுத்தால், அந்தப் பிள்ளை பிறர் செய்ததை வாங்குகிறவனாக வளருவான். கெட்டால் தூக்கிப் போட்டு இன்னொன்று வாங்குவான். வாங்கப் பணமில்லாத மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. “பிரிச்சுப் பாக்கலாமே சார்?” என்று கேட்ட அந்தச் சிறுமியின் கேள்வி, அன்று அந்த மேட்டில் கேட்கப்பட்ட ஒரே விஞ்ஞானக் கேள்வி. அதற்கு நம்மிடம் இருந்த பதில் ஒரு பதிவேடு!

நான் கேட்பது அதிகமில்லை. அந்தப் பதிவேட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள்: கடைசியாகத் துடைத்து மசகு போட்டது எப்போது, யார் என்று. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தணிக்கையாளர் கேட்கட்டும். பிரித்ததற்காகக் கேட்க வேண்டாம். லட்ச ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கினால், வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் அதன் பராமரிப்புக்கென்று ஒதுக்குங்கள். ஆசிரியர் முன்னிலையில் நேர்மையாகச் சுத்தம் செய்யும்போது ஏற்படும் சேதத்துக்கு அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். பருவத்துக்கு ஒரு நாள், கடைவீதி மெக்கானிக்கை வகுப்புக்கு அழையுங்கள். கூலியும் கொடுங்கள், நாற்காலியும் கொடுங்கள். அவர் சொல்லிக் கொடுப்பதும் பௌதிகம்தான்.

மாசி மாதத்தில் மறுபடி வெள்ளிமலைக்குப் போனோம். யந்திரத்திலிருந்து சத்தமே வரவில்லை. ஓடுகிறதா என்று கைவைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு நிமிஷப் படம். வேட்டைக்காரனின் ஒளிமுகில் விரித்த விசிறி போல வந்தது. சுற்றிலும் நட்சத்திரங்கள் ஊசியால் குத்தினாற்போலப் புள்ளி புள்ளியாக இருந்தன. அந்தச் சிறுமி வந்திருந்தாள். படத்தைப் பார்த்தாள், பிறகு யந்திரத்தைப் பார்த்தாள். “உள்ளே என்ன சார் இருந்தது?” என்று கேட்டாள். நண்பர் ஒரு மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, சக்கரத்தைக் காட்டினார். ஒளிமுகிலைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியோ ஐப்பசியோ, ஆயுத பூஜை மறுபடி வரத்தான் போகிறது. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போகும் பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். பொட்டு வைப்பதற்கு முன்னால் உங்கள் கையைப் பாருங்கள். நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் இருந்தால் தாராளமாக வையுங்கள். இல்லாவிட்டால் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒரு பழைய துணியை எடுங்கள்.